உலாவியில் நீங்கள் மாற்றிய அமைப்புகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திரியைத் தொடங்கியவர்

பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்று கண் மருத்துவர் சொன்ன பிறகும், கணினியில் செய்தி படிக்கும்போது அம்மா முகத்தைத் திரையோடு ஒட்டி வைத்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எழுத்துகள் அவ்வளவு பொடி. மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி கரைந்துபோய், 'பட்டம்' என்பது 'படடம' போலத் தெரிந்தது. 'கி'யா 'கீ'யா என்பதை முன்பின் சொற்களை வைத்துத்தான் ஊகிக்க முடிந்தது. அம்மா பல மாதங்களாக அப்படி ஊகித்தே படித்திருக்கிறார். "அது அப்படித்தான் வரும் என்று நினைத்தேன்" என்றார். அந்தப் பதில் என்னை உலுக்கிவிட்டது.

முதலில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியை இரண்டு முறை தட்டினேன். பக்கம் 125 சதவீதத்துக்குப் பெரிதானது. ஆனால் உலாவி அந்த அளவை அந்தத் தளத்துக்கு மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த தளத்துக்குப் போனால் பழைய குருவி எழுத்துதான். பிறகு குரோமின் அமைப்புகளில் 'தோற்றம்' பகுதிக்குப் போய், எழுத்தின் அளவை நடுத்தரத்திலிருந்து பெரியதுக்கு மாற்றினேன். 16 பிக்சல் 20 ஆனது. பல தளங்கள் சரியாயின. சில அசையவே இல்லை. தளத்தை வடிவமைத்தவர் எழுத்தளவைப் பிக்சல் கணக்கில் நிலையாகப் பூட்டிவைத்திருந்தால் இந்த மாற்றம் அங்கே எடுபடாது. அதற்கும் வழி இருக்கிறது. எழுத்துருக்களுக்கான பக்கத்தில் 'குறைந்தபட்ச எழுத்தளவு' என்று ஒன்று உண்டு. அதை உயர்த்திவிட்டால் எந்தத் தளமும் அதற்குக் கீழே இறங்க முடியாது. பயர்பாக்ஸில் இன்னொரு வசதி: தமிழுக்கென்று தனியாக எழுத்துருவையும் அளவையும் தேர்ந்தெடுக்கலாம். ஆங்கிலப் பக்கங்கள் இருந்தபடியே இருக்கும்.

இப்போது அம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து படிக்கிறார். உங்கள் வீட்டிலும் யாராவது 'அது அப்படித்தான்' என்று எதையாவது பொறுத்துக்கொண்டிருந்தார்களா? எதை மாற்றினீர்கள்? எழுதுங்கள்.

இரண்டாமவர்

எங்கள் வீட்டில் பொறுத்துக்கொண்டவர் அப்பா. திரையின் வலது மூலையில் சில நிமிடங்களுக்கு ஒரு பெட்டி எழும்பும். 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்', 'உடனே புதுப்பிக்கவும்' என்று சிவப்பு நிறத்தில் மிரட்டும். கணினி கெட்டுவிட்டது என்று பயந்து, தொடுவதையே அப்பா குறைத்துக்கொண்டார். வைரஸ் தடுப்பு மென்பொருளை ஓடவிட்டோம், ஒன்றும் அகப்படவில்லை.

அந்தப் பெட்டியை உற்றுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அதில் சின்ன எழுத்தில் ஓர் இணையதளத்தின் முகவரி இருந்தது. கணினி தரும் எச்சரிக்கையாக இருந்தால் தளத்தின் முகவரி அங்கே எதற்கு? எப்போதோ ஒரு பக்கம், 'நீங்கள் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்க அனுமதி என்பதை அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கிறது. அப்பா அழுத்தியிருக்கிறார். அவர் கொடுத்தது அறிவிப்பு அனுப்புவதற்கான அனுமதி. அன்றிலிருந்து அந்தத் தளம் மூடியிருந்தாலும் விளம்பரத்தை எச்சரிக்கை வேடத்தில் அனுப்பிக்கொண்டே இருந்தது.

அமைப்புகளில் தனியுரிமையும் பாதுகாப்பும், அதற்குள் தள அமைப்புகள், அதற்குள் அறிவிப்புகள். அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கிறது. அந்தத் தளத்தை நீக்கினேன். அதோடு, எந்தத் தளமும் இனி அனுமதி கேட்கவே கூடாது என்றும் மாற்றிவிட்டேன். பெட்டி அன்றோடு நின்றது. ஆனால் அப்பாவுக்குப் பயம் போக மேலும் ஒரு மாதம் ஆயிற்று. அவரை ஏமாற்றியவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஆய்வு மாணவி

என்னுடையது தாவல்களின் கதை. ஆய்வேட்டின் ஒரு இயலுக்காக நாற்பதுக்கும் மேற்பட்ட தாவல்களைத் திறந்து வைத்திருந்தேன். எந்தக் கட்டுரைக்குப் பின் எந்தக் கட்டுரை என்ற வரிசையே என் குறிப்பேடு. இரவு ஒரு மணிக்கு, ஒரு தாவலை மூட நினைத்து முழுச் சாளரத்தையும் மூடிவிட்டேன். மறுபடி திறந்தால் வெறும் தேடல் பெட்டி. கை நடுங்கியது.

கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு 'டி' விசையைத் தட்டச் சொன்னாள் தோழி. கடைசியாக மூடிய சாளரம் தாவல்கள் அத்தனையோடும் திரும்பி வந்தது. மறுநாள் காலையில் முதல் வேலையாக, உலாவி தொடங்கும்போது 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். தொடக்கத்தில் என்ன திறக்க வேண்டும் என்பதற்கு அங்கே மூன்று வழிகள் உண்டு: புதிய தாவல், விட்ட இடம், நாமே குறிப்பிடும் பக்கங்கள். நான்கு ஆண்டுகளாக அந்த உலாவியைப் பயன்படுத்தியும் அந்தப் பக்கத்தை நான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

நூலகப் பணியாளர்

மாணவி சொன்னதற்கு ஒரு குறுக்குக் குறிப்பு. சொந்தக் கணினியில் அது அருமையான வசதி. பலர் பயன்படுத்தும் கணினியில் அதை வைக்கவே வைக்காதீர்கள். 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்று இருந்தால், தாவல்களோடு உள்நுழைந்த நிலையும் திரும்பி வரக்கூடும். உலாவியை மூடியதும் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டோம் என்று எண்ணிக்கொண்டு ஒருவர் எழுந்து போவார். அடுத்து உட்காருபவர் திறந்தால் முன்னவருடைய மின்னஞ்சல் விரிந்து கிடக்கும். ஒரு பெண்ணின் வேலை விண்ணப்பம் அப்படி இன்னொருவர் கண்ணில் பட்டதை நேரில் பார்த்தேன். அவர் திரும்பி ஓடிவந்தபோது முகம் வெளுத்திருந்தது.

பொதுக் கணினிகளில் நான் செய்துவைத்திருப்பது இது: புதிய தாவலோடு தொடங்குதல், சாளரங்களை மூடியதும் தளங்கள் சேமித்தவை அழிதல், கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று கேட்பதை நிறுத்துதல். அவசரத்துக்கு, மூடியதும் தடயத்தை உலாவியில் வைத்துக்கொள்ளாத விருந்தினர் பயன்முறையும் உதவும். வரலாற்றைச் சேமிக்காத மறைநிலைச் சாளரத்தை எல்லாவற்றுக்கும் மருந்தாக நினைக்கிறார்கள். அதில் பதிவிறக்கிய கோப்பு சாளரத்தை மூடிய பிறகும் கணினியிலேயே கிடக்கும். இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் கண்ணிலிருந்தும் அது நம்மை மறைப்பதில்லை.

எல்லாவற்றையும் அழித்தவர்

நான் செய்த தவறை மற்றவர்கள் செய்யக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

உலாவி மெதுவாக இருக்கிறது என்று புலம்பினேன். 'உலாவல் தரவை அழித்துவிடு, பறக்கும்' என்றார் உடன் பணிபுரிபவர். அழிக்கும் பெட்டியைத் திறந்தேன். வரலாறு, குக்கீகள் (தளங்கள் நம் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகள்), தற்காலிகச் சேமிப்பு (பக்கம் விரைவாகத் திறக்க உலாவி எடுத்துவைக்கும் பிரதிகள்), கடவுச்சொற்கள், தானாக நிரப்பும் விவரங்கள் என்று வரிசையாகக் கட்டங்கள். கடவுச்சொற்களின் கட்டத்தில் முதலில் குறி இல்லை. நானாகத்தான் குறியிட்டேன், முழுமையாகச் சுத்தம் செய்கிறேன் என்ற எண்ணத்தில். கால அளவு: எல்லா நேரமும். பொத்தானை அழுத்தினேன்.

கணினியில் போனதோடு முடியவில்லை. கைப்பேசியையும் கணினியையும் ஒரே கணக்கில் ஒத்திசைத்து வைத்திருந்தேன். ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடத்திலும் அழியும் என்று அந்தப் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை. மாலையில் கைப்பேசியைத் திறந்தபோது அங்கும் கடவுச்சொற்கள் இல்லை. ஒவ்வொரு தளமாக 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' என்பதை அழுத்தி மீட்டேன். பத்து நாள் ஆயிற்று. ஒரு பழைய மின்னஞ்சல் கணக்கை மட்டும் மீட்கவே முடியவில்லை. அதில் பதிந்திருந்த தொலைபேசி எண் இப்போது என்னிடம் இல்லை. கல்லூரிக் காலத்து நண்பர்களின் கடிதங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

பிறகு நிதானமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். பக்கம் பழைய தோற்றத்திலேயே வந்துகொண்டிருந்தால் அழிக்க வேண்டியது தற்காலிகச் சேமிப்பை மட்டும். ஒரே ஒரு தளம் மக்கர் செய்தால், முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் இருக்கும் குறியைத் தட்டி, அந்தத் தளத்தின் குக்கீகளை மட்டும் நீக்கலாம். கால அளவாகக் கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் தேர்ந்தெடுக்கவும் வழி உண்டு. கடவுச்சொற்களின் கட்டத்தைத் தொடவே வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

மேலே எழுதியவரின் இழப்பைப் படித்து வருந்தினேன். குக்கீ என்றாலே தீங்கு என்று பலரும் சொல்லித்தான் நாம் கண்மூடித்தனமாக அழிக்கிறோம். 1994-இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி அதை உருவாக்கியபோது நோக்கம் எளிமையானது: ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போகும்போது, வந்தவர் யார் என்பதைத் தளம் மறந்துவிடக் கூடாது. நாம் உள்நுழைந்த நிலையில் இருப்பதும், கூடையில் போட்ட பொருள் கூடையிலேயே இருப்பதும் அதனால்தான்.

கவலைப்பட வேண்டியது மூன்றாம் தரப்புக் குக்கீகளைப் பற்றி. நாம் பார்க்கும் தளம் ஒன்று. அதில் விளம்பரம் வைத்திருக்கும் வேறொரு தளம் குக்கீயைப் போட்டு, நாம் போகுமிடமெல்லாம் பின்தொடர்கிறது. சஃபாரி 2020-இல் இவற்றை முழுமையாகத் தடுத்தது. பயர்பாக்ஸ் 2022-இல், ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் அந்தத் தளத்துக்குள்ளேயே அடைத்துவைக்கும் முறையை இயல்பாக்கியது. குரோமில் நாமே போய்த் தடுக்க வேண்டும். தடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே ஒரு தளத்தில் உள்நுழைவதில் சிக்கல் வந்தது. அதற்கு மட்டும் விலக்கு கொடுத்தேன்.

மொழிபெயர்ப்பாளர்

சுருக்கமாக ஒன்று. ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தவுடன் உலாவி தானாகத் தமிழாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. மூலத்தைப் பார்த்து வேலை செய்யும் எனக்கு அது பெரும் இடைஞ்சல். 'முகப்பு' என்று வர வேண்டிய இடத்தில் 'வீடு' என்று நிற்கும். மொழிகள் பகுதியில் ஆங்கிலத்தை ஒருபோதும் மொழிபெயர்க்க வேண்டாம் என்று குறித்தேன், ஓய்ந்தது. அதே பகுதியில் விருப்ப மொழிகளின் வரிசை இருக்கிறது. அந்த வரிசையில் முதலில் இருக்கும் மொழியை உலாவி தளங்களுக்குத் தெரிவிக்கிறது. தமிழை மேலே ஏற்றிவைத்தேன். தமிழ்ப் பதிப்பு வைத்திருக்கும் சில தளங்கள் அதன்பின் கேட்காமலே தமிழில் திறக்கின்றன. தமிழில் படிக்க ஆளிருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியட்டும்.

இரண்டாமவர்

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஒன்றை விட்டுவிட்டேன். அப்பாவின் உலாவியில் தேடுபொறியும் மாறியிருந்தது. எதைத் தேடினாலும் விளம்பரங்களே வந்தன. நான் இயல்பான தேடுபொறிக்கு மாற்றினால் அடுத்த முறை திறக்கும்போது பழையபடியே ஆகிவிடும். காரணம், எப்போதோ நிறுவிய ஒரு நீட்டிப்பு, அதாவது உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள். எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அதற்கு அனுமதி இருந்தது! நீட்டிப்பை நீக்கிய பிறகுதான் மாற்றம் நிலைத்தது.

அப்படியும் தீரவில்லை என்றால் அமைப்புகளை இயல்புநிலைக்கு மீட்டமைக்கலாம். குரோமில் அப்படிச் செய்தால் நீட்டிப்புகள் முடங்கும், குக்கீகள் போகும். புத்தகக்குறிகளும் வரலாறும் சேமித்த கடவுச்சொற்களும் அப்படியே இருக்கும். இது முன்பே தெரிந்திருந்தால் அத்தனை நாள் தயங்கியிருக்க மாட்டேன்.

திரியைத் தொடங்கியவர்

அனைவரின் பகிர்வுகளையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பாவின் கதையைக் கேட்டதும், "என் கணினியிலும் பார்" என்றார். அறிவிப்புப் பட்டியலைத் திறந்தோம். பதினொரு தளங்கள். "இத்தனை பேருக்கு நான் எப்போது அனுமதி கொடுத்தேன்?" என்று திகைத்தார். ஒவ்வொரு பெயராகப் படித்தேன். அவர் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நீக்கினேன். நான்கைந்து பெயர்களுக்குப் பிறகு சுட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். வானிலை சொல்லும் தளத்தின் பெயர் வந்ததும் நிறுத்தி, "இது மட்டும் இருக்கட்டும்" என்றார். மீதியை அவரே நீக்கினார்.