1970 செவர்லே சி10 பிக்கப்பில் 5.3 லிட்டர் எஞ்சின்

கேள்வி: கார்புரேட்டருடன் ஓடும் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு, 2003 செவர்லே சில்வராடோ பிக்கப்பிலிருந்து கழற்றிய 5.3 லிட்டர் வி8 எஞ்சினைப் பொருத்த விரும்புகிறேன். எஞ்சினைச் சேசிஸில் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் தவிர எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1: மவுண்ட் எளிது, அதற்கான அடாப்டர் தகடுகள் கடைகளிலேயே கிடைக்கின்றன. எரிபொருள் அமைப்புதான் பெரிய வேலை. கார்புரேட்டருக்கு ஏழு பிஎஸ்ஐ அழுத்தமே போதும். ஆனால் இந்த எஞ்சினில் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு ஏறத்தாழ 58 பிஎஸ்ஐ தேவைப்படுவதால், மின்சாரப் பம்ப், அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர், உயர் அழுத்தக் குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். உங்கள் வண்டியில் பெட்ரோல் டேங்க் இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. அதையும் இப்போதே சேசிஸின் பின்பகுதிக்கு மாற்றிவிடுங்கள்; உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

பதில் 2: எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான ஆயில் பேனையும் பாருங்கள். சில்வராடோவின் பேன் மிக ஆழமானது என்பதால், வண்டியைத் தாழ்த்தியிருந்தால் வேகத்தடையில் முதலில் அடிபடுவது அதுதான்; ஆழம் குறைந்த பேன் வாங்குவது நல்லது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் உள்ள திருட்டுத் தடுப்பை நீக்காவிட்டால், எஞ்சின் ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடிகளில் நின்றுவிடும்; பம்பில்தான் கோளாறு என்று எண்ணி அதைக் கழற்றிவிடாதீர்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. டேங்கிலிருந்தே வேலையைத் தொடங்குகிறேன்.