பொறுப்பை ஒப்படைத்தாச்சு, ஆனால் ஆட்கள் இன்னும் என்னையே தேடுகிறார்கள்: வழி சொல்லுங்கள்

வணக்கம். கோத்தகிரி பக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கு மனு எழுதி அலுவலகம் ஏறி இறங்கும் வேலையை இளையவர்கள் மூன்று பேரிடம் விட்டு 5 மாதம் ஆகிறது. மூவரும் மாற்றுத்திறனாளிகள்தான். இனி பின்னால் நின்று சொல்லித்தருவது மட்டுமே என் வேலை. ஆனால் போன் எனக்குத்தான் வருகிறது. அவர்கள் போனால் "அண்ணன் வரலையா?" என்கிறார்கள்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு ஊட்டிக்கு 4 தடவை கூடவே போனேன். அதிகாரி என் முகத்தைப் பார்த்தே பேசினார். பிறகு நான் போகாமல் இருந்தேன். மூவரும் இரண்டு மனுவுக்கு ரசீது எண் வாங்காமல் வந்துவிட்டார்கள். எண் இல்லாவிட்டால் மறுவாரம் எதைச் சொல்லிக் கேட்பது? இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறோம்: தேதி, மனு எண், யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) விண்ணப்ப எண், அடுத்துப் போகவேண்டிய நாள். இது பலன் தருகிறது.

சக்கர நாற்காலி ஏற வாசலில் சாய்தளம் கேட்ட மனுக்கள் "இடமில்லை" என்று திரும்பி வந்தன. 1:12 சரிவு (1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம்) என்றால் 45 செ.மீ. உயர வாசலுக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். மலைச்சரிவில் நேராக அவ்வளவு கிடைக்காது. நடுவில் 1.5 மீட்டர் சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம். டேப் பிடித்து அளந்து, படம் வரைந்து மனுவோடு வைக்க மூவரும் கற்றுக்கொண்டார்கள். வேலையில் குறை இல்லை, நம்பிக்கைதான் கைமாறவில்லை.

இப்படி ஒதுங்கியவர்கள் சொல்லுங்கள்: பழகிய ஆளை நம்பிக் கூப்பிடுபவர்களை, மனம் நோகாமல், இளையவர்களிடம் எப்படித் திருப்பிவிட்டீர்கள்?