டெல்லி கணேஷ் படம்: எதுல ஆரம்பிக்கலாம்?

மழைத்துளி92:
போன வாரம் சிந்து பைரவி மறுபடி பார்த்தேன். சின்ன வயசுல பார்த்தப்ப சிவகுமார், சுஹாசினி, பாட்டு, இதான் மனசுல நின்னுச்சு, இந்த தடவை மிருதங்கம் குருமூர்த்தியா வர்ற டெல்லி கணேஷ் மேல இருந்து கண்ணை எடுக்க முடியல, குடிச்சிட்டு கச்சேரிக்கு வந்துட்டார்னு பாடகர் ஜேகேபி (சிவகுமார்) விரட்டும்போது அந்த முகம் போற போக்கு இருக்கே, ரெண்டு நாளா அதே ஞாபகம். எனக்கு இவரை சீரியல்ல வர்ற பெரியவராத்தான் தெரியும். 2024 நவம்பர்ல அவர் தவறினப்பகூட செய்தியைப் பார்த்துட்டு கடந்து போயிட்டேன், இப்ப கஷ்டமா இருக்கு. காமெடி, நல்ல அப்பா ரெண்டும் இல்லாம என்ன பார்க்கலாம்?

ரீல்பெட்டி:
பசி. 1979, துரை டைரக்‌ஷன். ஷோபாவுக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம், அதுல அவங்க அப்பாவா ரிக்‌ஷா ஓட்டுறவர் இவர்தான், மாநில அரசோட சிறப்புப் பரிசு கிடைச்சுது. அப்பா வேணாம்னு சொன்னீங்க, இதுவும் அப்பாதான், ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க, அப்ப அவருக்கு 35 வயசுதான். அந்த வயசுலயே கல்யாண வயசுப் பொண்ணுக்கு அப்பாவா நின்னுட்டா அப்புறம் சினிமா அந்த வேஷத்தை விட்டு இறங்க விடாது. 400 படத்துக்கு மேல பண்ணியும் அவரோட வயசுல ஒரு ஆளா அவரை நாம ரொம்பக் கொஞ்சமாத்தான் பார்த்திருக்கோம்.

வல்லநாட்டுப்பக்கம்:
எங்க பக்கத்து ஊர்க்காரர்ங்க, வல்லநாடு. ஏர்ஃபோர்ஸ்ல 10 வருஷம், டெல்லியில தட்சிண பாரத நாடக சபால நாடகம், அப்புறம் கே.பி. சார் (டைரக்டர் பாலசந்தர்) பட்டினப்பிரவேசம் படத்துல போட்டு டெல்லி கணேஷ்னு பேரும் வச்சார். இவர் பேச்சைக் கவனிங்க. நம்ம தாமிரபரணிக்கரை ஆளு பசில மெட்ராஸ் பாஷை, மைக்கேல் மதன காமராஜன்ல பாலக்காடு, நாயகன்ல வேலு நாயக்கருக்காக ஹிந்தி பேசுற ஐயர். எதுலயும் மிமிக்ரி வாசனை அடிக்காது.

சாம்பார்வாளி:
காமெடி வேணாம்னு தள்ளாதீங்க ப்ளீஸ். மைக்கேல் மதன காமராஜன்ல சாம்பார்ல மீன் விழுந்த சீன்ல பாலக்காட்டு மணி ஐயரை மட்டும் பாருங்க, அந்த மனுஷனுக்கு அது காமெடியே இல்ல, மானம் போற விஷயம், அதனாலதான் நமக்கு சிரிப்பு. அதுக்கு முந்தின வருஷம் அபூர்வ சகோதரர்கள்ல வில்லன்! 2015ல யூடியூப்ல சென்னை பேட்மேன் காமெடி வீடியோல, பேட்மேன் வீட்டு வேலைக்காரர் ஆல்ஃப்ரெடா வந்தப்ப வயசு 70, அதுலயும் அதே சிரத்தை.

மாலை7மணி:
சீரியலையும் விட்றாதீங்க. எங்க வீட்ல பாட்டியோட உட்கார்ந்து செல்லமே சீரியல் பார்ப்பேன். சீரியல்ல ஒரு அதிர்ச்சின்னா முகத்தை மூணு தடவை க்ளோஸப்ல காட்டி மியூசிக் போட்டு அடிப்பாங்க, அதுக்கு நடுவுலயும் இவர் மட்டும் வீட்ல ஒருத்தர் பேசுற மாதிரியே பேசிட்டு இருப்பார். ஏர்ஃபோர்ஸ்காரங்க வந்து கொடி போர்த்தி மரியாதை பண்ணினதை டிவில பார்த்து பாட்டி அழுதுட்டாங்க.

மழைத்துளி92:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஞாயித்துக்கிழமை அம்மாவோட உட்கார்ந்து பசி. அப்புறம் அந்த மீன் சீனை அவரை மட்டும் பார்த்துட்டு வந்து எழுதுறேன்.