ரெசின் போகவில்லை, ஒரு ரப்பர் வளையம்தான்

சென்னையில் தனி வீடு, முழுக்க போர் தண்ணீர். கடினத்தன்மை லிட்டருக்கு 700 மில்லிகிராமைத் தொடும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 சொல்வது 200; வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. அதனால் கடினநீரை மென்நீராக்கும் சாஃப்ட்னர் இல்லாமல் எங்களுக்குக் குளியல் கிடையாது.

ஐந்து வருடம் ஓடிய பிறகு வாளியில் மறுபடி வெள்ளைக் கறை. கடினத்தன்மை பார்க்கும் டெஸ்ட் கிட்டின் மருந்தில் முதல் சொட்டுக்கே நீலமாக வேண்டிய தண்ணீர், ஐந்தாவது சொட்டு வரை சிவப்பாகவே நின்றது. மெக்கானிக் வந்தார், தொட்டியைத் தட்டினார், "ரெசின் போச்சு சார், மொத்தமா மாத்தணும்" என்றார். தொட்டிக்குள் கடினத்தன்மையைப் பிடித்துவைக்கும் சிறு மணிகள்தான் ரெசின். மாற்றப் பதினாலாயிரம் ரூபாய். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அன்று இரவு பதினோரு மணிக்கு டிரெயின் குழாயில் சலசலவென்று சத்தம். ரெசினை உப்புநீரால் கழுவிப் புதுப்பிக்கும் ரீஜெனரேஷன் தொடங்குவது அதிகாலை இரண்டு மணிக்கு. மற்ற நேரத்தில் அங்கே சொட்டுகூட வரக் கூடாது. தொட்டி மேலிருக்கும் வால்வுக்குள் போரிலிருந்து வரும் கடினநீர், மென்நீர், கழிவு மூன்றுக்கும் தனித்தனி வழி. உள்ளே நகரும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையங்கள்தான் நடுவில் சுவர். ஒரு வளையம் கிழிந்தால் போதும், கடினநீர் ரெசின் பக்கமே போகாமல் நேராக வீட்டுக்குள் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் சாஃப்ட்னருக்குள் போகாமல் பைபாஸில் போட்டு, கையால் ரீஜெனரேஷனைத் தொடங்கி, உள்ளே இருந்த பிரஷரை டிரெயினில் இறக்கினேன். அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டார் தலையைப் பிடித்திருந்த திருகுகள். பிஸ்டன் பாதி வந்து அடம்பிடித்தது. திருகாமல், இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டி நேராக இழுத்தேன். மேலே துருநிறச் சேறு. துடைத்தால் நீளவாக்கில் ஒரு கீறல், நகம் மாட்டும் அளவுக்கு. வளையங்களை எடுக்கத் தனிக் கருவி உண்டு. என்னிடம் இருந்தது வளைத்த சைக்கிள் கம்பி. நுனியில் டேப் சுற்றிக்கொண்டேன், உள்சுவரில் கோடு விழுந்தால் புது வளையம் போட்டும் பயனில்லை. ஐந்து ரப்பர், இடையில் நாலு பிளாஸ்டிக் வளையம், வந்த வரிசையிலேயே அம்மாவின் பித்தளைத் தாம்பாளத்தில் அடுக்கினேன். மூன்றாவது ரப்பரின் உதட்டில் அரிசி அகலத்துக்குக் கிழிசல், அதற்குள் மணல்.

மணல் எப்படி வந்தது? போன டிசம்பரில் போரை ஆழப்படுத்தியபோது, பிளம்பர் "பிரஷர் கம்மியா இருக்கு" என்று சாஃப்ட்னருக்கு முன்னால் இருந்த ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார். நானும் சரி என்று விட்டிருந்தேன்.

பிஸ்டனும் வளைய செட்டும் 2,200 ரூபாய். சிலிக்கோன் கிரீஸ் மட்டும் தடவுங்கள். வாசலின் போட்டால் ரப்பர் ஊதிவிடும். ஒரு ரீஜெனரேஷன் ஓடி முடிந்ததும் முதல் சொட்டிலேயே நீலம்.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்:

பிரஷர் இறக்குவதைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். பைபாஸ் போட்டதே போதும் என்று நினைத்துக் கடைசித் திருகைத் தளர்த்தினேன். தலை எகிறி, நான் லுங்கியோடு குளித்தாயிற்று. வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். என் விஷயத்தில் வளையங்கள் நன்றாகவே இருந்தன. உப்புத் தொட்டியில் தண்ணீர் இறங்காமல் விளிம்புவரை நின்றது. உப்புநீரை உள்ளே இழுக்கும் இன்ஜெக்டரில் ஊசித் துளை அளவு ஓட்டை, அதில் சுண்ணாம்பு. ஊசியால் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதானால் உப்புநீரை இழுக்கும் சக்தியே போய்விடும். வினிகரில் அரை மணி ஊறப்போட்டு ஈர்க்குச்சியால் தள்ளினேன், வந்துவிட்டது.

மறுபடி சென்னை:

ஈர்க்குச்சி நல்ல யோசனை. ஃபில்டரைத் திரும்ப மாட்டிவிட்டேன், வாரம் ஒருமுறை கழுவினால் பிரஷரும் குறையவில்லை. தாம்பாளத்தைத்தான் புளி போட்டு மூன்று முறை தேய்த்தும் அம்மா பூஜைக்கு எடுக்க மாட்டேன் என்கிறார்.