1978 செஸ்னா 172: எஞ்சினைப் பிரிப்பதா, பேனலை மாற்றுவதா?

கல்மண்டபம் ராஜாளி

எல்லாருக்கும் வணக்கம். ஊர் ராயபுரம் கல்மண்டபம், பிழைப்பு டெக்சாஸில். லீவில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அங்கே என்னிடம் ஒரு செஸ்னா 172என் இருக்கிறது, 1978 மாடல். பிளேன் என்றதும் தெருவில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அந்த ஊரில் இது பழைய நாலு சீட் வண்டி, அவ்வளவுதான்.

எஞ்சின் லைகமிங் ஓ-320-எச்2ஏடி, 160 குதிரைத்திறன். கடைசி ஓவர்ஹால், அதாவது முழுசாகப் பிரித்துப் புதுப்பித்தது, 2001. அதற்குப் பிறகு ஓடியது 1450 மணி நேரம். கம்பெனி சொல்வது 2000 மணி அல்லது 12 வருடம், எது முதலில் வருகிறதோ அது. சொந்த உபயோகத்துக்கு ஓட்டுபவருக்கு அமெரிக்காவில் அது சட்டப்படி கட்டாயமில்லை, பரிந்துரைதான். வருடத்துக்கு ஒருமுறை ஆனுவல் இன்ஸ்பெக்‌ஷன் மட்டும் கட்டாயம். போன ஆனுவலில் கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்றை ஏற்றி எவ்வளவு தங்குகிறது என்ற சோதனை) பார்த்தபோது மூன்று சிலிண்டர் 80க்கு 74லிருந்து 76 வரை, மூன்றாம் நம்பர் மட்டும் 64. ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்ததில் உலோகத்தூள் எதுவும் இல்லை.

ஒரு மெக்கானிக் ஓவர்ஹால் பண்ணு என்கிறார், 35,000 டாலர் தாண்டும். அதே காசுக்குப் பேனலில், அதாவது பைலட் முன்னால் இருக்கிற கருவிப் பலகையில், பழைய கைரோ கருவிகளைச் சுழற்றுகிற வேக்கம் பம்பைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் கருவிகளும் ஆட்டோபைலட்டும் போட்டுவிடலாம். கையில் இருப்பது ஒன்றுக்குத்தான் காணும். இங்கே எஞ்சினோடு வாழ்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

கொளத்தூர் ஏஎம்இ (ஓய்வு)

தம்பி, யோசிக்கவே வேண்டாம், எஞ்சின்தான். விமானப் பராமரிப்பு எஞ்சினியராக (ஏஎம்இ) பயிற்சி விமானங்களில் கை வைத்தே தலை நரைத்தவன் சொல்கிறேன். 1450 மணியைப் பார்க்காதே, 2001ஐப் பார். லைகமிங்கில் வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங்க் தண்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. நிறுத்தி வைத்தால் ஆயில் எல்லாம் வடிந்து கீழே போய்விடும், கேம் வறண்டு நிற்கும். ஈரக்காற்று பட்டால் முதலில் துரு பிடிப்பது அங்கேதான். துருப்புள்ளி விழுந்த கேம், தன் மேல் உரசி வால்வைத் தள்ளுகிற டேப்பட்டின் முகத்தைச் சுரண்டும், அந்தத் தூள் ஆயிலோடு எஞ்சின் முழுக்கச் சுற்றும்.

அதிலும் நீ வைத்திருப்பது எச்2ஏடி. 1977இல் 172இல் வந்த நாளிலிருந்தே கேம், டேப்பட் தகராறுக்குப் பேர்போன எஞ்சின் அது. 1980இலேயே கட்டாய உத்தரவு போட்டு, எல்டபிள்யூ-16702 என்ற சேர்மானத்தை ஆயிலில் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றுகிறாயா?

காசிமேடு போட்

ஏஎம்இ ஐயாவுக்கு வணக்கம், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நன்றாக ஓடுகிற எஞ்சினைப் பிரிக்கக் கூடாது. ஹார்பரில் வருடா வருடம் பார்க்கிறேன். ஏப்ரல் 15லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஓனர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். 'நிற்கிற நேரத்தில் பிரித்துப் பார்த்துவிடு' என்பார்கள். ஒரு நட்டு சரியாக முறுக்கு ஏறாமல் இருக்கும், ஒரு கேஸ்கட் மடங்கி உட்கார்ந்திருக்கும். ஜூனில் கடலுக்குப் போனால் கயிறு கட்டி இழுத்து வருகிற போட்டில் பாதி, அந்த இரண்டு மாதத்தில் காரணமே இல்லாமல் பிரித்ததாகத்தான் இருக்கும்.

ராஜாளி தம்பி, புதிதாகப் பூட்டின எஞ்சினுக்கும் ஆயுள் கண்டம் உண்டு. முதல் நூறு மணி நேரத்தில் என்ன வேண்டுமானாலும் ஆகும். இது 1450 மணி ஓடி தன்னை நிரூபித்த எஞ்சின்.

கொளத்தூர் ஏஎம்இ (ஓய்வு)

போட் நின்றால் கயிறு கட்டி இழுக்கலாம். மூவாயிரம் அடியில் நின்றதை எதில் கட்டி இழுப்பீர்கள்?

காசிமேடு போட்

அதனால்தான் சொல்கிறேன் ஐயா. பூட்டினதில் தப்பு இருந்தால் அதுவும் மூவாயிரம் அடியில்தான் தெரியும்.

வியாசை கணக்கு

விற்றுவிடுங்க ப்ரோ. 35,000 டாலர் போட்டு ஓவர்ஹால் பண்ணினால் விலை 35,000 ஏறுமா? பேனலில் போடுகிற காசு அதைவிட மோசம், விற்கும்போது பாதி திரும்பினால் பெரிது. உங்களுக்கு எது ஆசையோ அதை ஏற்கனவே வேறொருத்தன் போட்டு வைத்திருக்கிற பிளேனாகப் பார்த்து வாங்குங்க.

கல்மண்டபம் ராஜாளி

வியாசை, கணக்கு சரி. ஆனால் அடுத்தவன் பிளேனில் என்ன ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இதன் லாக்புக் 1978லிருந்து ஒரு பக்கம் விடாமல் என்னிடம் இருக்கிறது.

ஏஎம்இ சார், சேர்மானம் ஒவ்வொரு 50 மணி ஆயில் மாற்றத்திலும் ஊற்றுகிறேன். காலிப் புட்டியைக் கூட எறிவதில்லை, தேதி எழுதி ஹேங்கர் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மணலி ரிஃபைனரி

இடையில் ஒரு சந்தேகம். இங்கே மணலியில் ஏடிஎஃப் (ஜெட் விமான எரிபொருள்) எடுக்கிறோம். அது இதற்கு ஆகாதா? இல்லை, பங்க் பெட்ரோலாவது போடலாமா? இதற்குப் போடுகிற விமானப் பெட்ரோல், அந்த ஏவ்கேஸ், என்ன விலை விற்கிறது என்று பார்த்தேன், தலை சுற்றுகிறது.

கொளத்தூர் ஏஎம்இ (ஓய்வு)

ஏடிஎஃப் மண்ணெண்ணெய் வகை. பொறி வைத்து எரிகிற எஞ்சினில் ஊற்றினால் டெட்டனேஷன், அதாவது தாறுமாறான வெடிப்பு, ஆகி பிஸ்டன் ஓட்டையாகிவிடும். டேங்கர் மாறி ஏடிஎஃப் நிரப்பி விபத்தான கதைகள் உண்டு. ஏவ்கேஸ் நீல நிறம், நிரப்பியதும் கொஞ்சம் வடித்து நிறம் பார்ப்பதே அதற்குத்தான்.

பங்க் பெட்ரோலும் வேண்டாம். சில பழைய செஸ்னாக்களுக்குக் கார் பெட்ரோல் போட அனுமதி உண்டு, ஆனால் எத்தனால் கலக்காததாக இருக்க வேண்டும். நம் ஊர் பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ரப்பர் சீல், ஹோஸ் எல்லாவற்றையும் கெடுக்கும். நம் நாட்டில் 100எல்எல் ஏவ்கேஸ் 2022 வரை இறக்குமதிதான். பிறகுதான் இந்தியன் ஆயிலின் குஜராத் ரிஃபைனரியில் எடுக்க ஆரம்பித்தார்கள்.

மணலி ரிஃபைனரி

அப்படியென்றால் எஞ்சினையே டீசலுக்கு மாற்றிவிட்டால்? 172க்கு வருகிறது என்று படித்தேன்.

கல்மண்டபம் ராஜாளி

வருகிறது, ஏடிஎஃப் குடிக்கிற கான்டினென்டல் டீசல். ஆனால் மணி நேரம் முடிந்தால் அதைப் பிரித்துப் புதுப்பிப்பதில்லை, முழுசாகத் தூக்கிப்போட்டு வேறு மாட்ட வேண்டும். மாற்றுகிற செலவில் இன்னொரு பழைய செஸ்னா வாங்கிவிடலாம்.

பெரம்பூர் லோகோ

எல்லாரும் எஞ்சினையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். நான் பேனல் கட்சி. கருவி ரிப்பேர்தான் என் தொழில். அந்த உலர் வகை வேக்கம் பம்புக்குள் இருப்பது கார்பன் தகடுகள். தேய்ந்துகொண்டே வந்து ஒருநாள் 'டக்' என்று ஒடியும், முன்னறிவிப்பே கிடையாது. பம்ப் போனதும் கைரோ (கருவிக்குள் சுழல்கிற சக்கரம்) உடனே நிற்காது, அதுதான் ஆபத்து. மெதுவாகச் சுழற்சி குறைந்து, அடிவானம் காட்டுகிற கருவி கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். மேகத்துக்குள் இருக்கிற பைலட் அதை நம்பி பிளேனையும் சேர்த்துச் சாய்ப்பார். எஞ்சின் நின்றாலாவது கிளைடர் மாதிரி இறக்கலாம். எலக்ட்ரானிக் கருவிக்குள் சொந்த பேட்டரி இருக்கிறது, கரண்ட் போனாலும் ஓடும்.

கொளத்தூர் ஏஎம்இ (ஓய்வு)

லோகோ சொல்வது உண்மை, ஆனால் மேகத்துக்குள் போகிறவனுக்கு. ராஜாளி, நீ போகிறாயா?

கல்மண்டபம் ராஜாளி

இல்லை சார். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதாவது கருவியை மட்டும் பார்த்து மேகத்துக்குள் ஓட்டுகிற அனுமதி, இன்னும் எடுக்கவில்லை. வெயில் இருந்தால்தான் வண்டியை வெளியே எடுப்பேன்.

கொளத்தூர் ஏஎம்இ (ஓய்வு)

அப்புறம் எதற்கு ஆட்டோபைலட்? ஜன்னலுக்கு வெளியே பார், அடிவானம் தெரியும்.

பெரம்பூர் லோகோ

ரேட்டிங் எடுக்கப் போகிறார் அல்லவா? எடுத்த பிறகு போட்டால் பயிற்சி பழைய கருவியில், ஓட்டுவது புதுக் கருவியில் என்று ஆகிவிடும்.

செங்குன்றம் பழசு

இந்தப் பேச்சு எனக்குப் புரியவில்லை, ஆனால் படிக்க நன்றாக இருக்கிறது. சோழவரத்தில் போர்க்காலத்து ஓடுதளம் இருந்ததே, இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன்பு கார், பைக் ரேஸ் எல்லாம் அங்கேதான். அதைச் சரி பண்ணி வைத்திருந்தால் ராஜாளி இங்கேயே இறங்கியிருக்கலாம். சரி, தொடருங்கள்.

காசிமேடு போட்

நான் ஒன்று கேட்கிறேன். சண்டையே கேம் எப்படி இருக்கிறது என்பதில்தான். பிரிக்காமல் கேமைப் பார்க்க வழி இருக்கிறதா, இல்லையா?

கல்மண்டபம் ராஜாளி

இருக்கிறது அண்ணே. மற்ற ஓ-320களில் டேப்பட்டை எடுக்க கிராங்க் கேஸையே பிளக்க வேண்டும். இந்த எச்2ஏடியில் கார் எஞ்சின் மாதிரி உருளை டேப்பட், வெளியிலிருந்தே உருவிவிடலாம். எடுத்தால் அதன் முகமும் தெரியும், அந்தத் துளை வழியாகக் கேமும் தெரியும்.

காசிமேடு போட்

அட! இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா? எட்டையும் உருவிப் பார். முகம் கண்ணாடி மாதிரி இருந்தால் மூடிவிட்டு ஓட்டு. அம்மைத் தழும்பு மாதிரி இருந்தால் ஐயா சொல்வதுதான் சரி. மூன்றாம் நம்பர் சிலிண்டர் ஒன்றுக்காக மொத்த எஞ்சினையும் ஏன் பிரிக்க வேண்டும்? காற்று எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தார்களா?

கல்மண்டபம் ராஜாளி

பார்த்தோம். காற்றை ஏற்றி வைத்துக்கொண்டு ஆயில் ஊற்றுகிற குழாயில் காது வைத்தேன், லேசான சத்தம், அது எல்லா சிலிண்டருக்கும் இருப்பதுதான். கார்புரேட்டர் பக்கம் ஒன்றுமில்லை. எக்ஸாஸ்ட் குழாயில் காது வைத்தால் 'உஸ்ஸ்' என்று நன்றாகக் கேட்டது.

காசிமேடு போட்

எக்ஸாஸ்ட் வால்வு. கேமரா விட்டு வால்வு முகத்தைப் பார். நிறம் ஒரே சீராக வட்டமாக இருந்தால் சரி, ஒரு ஓரம் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அந்த இடம் எரிய ஆரம்பித்துவிட்டது. ஒரு சிலிண்டர் வேலை, அவ்வளவுதான்.

கொளத்தூர் ஏஎம்இ (ஓய்வு)

64 என்பதற்காக உடனே கழற்றச் சொல்லவில்லை, 60க்குக் கீழே வந்தால்தான் அந்தப் பேச்சு. ஆனால் சிலிண்டருக்கு சிலிண்டர் 10, 15 வித்தியாசம் வந்தால் காரணம் தேடு என்று லைகமிங்கே சொல்கிறது. கேமரா விடு, அதில் எனக்கும் போட் தம்பிக்கும் சண்டையில்லை.

டேப்பட்டை உருவுவதும் நல்ல யோசனைதான். ஆனால் அது கேமை மட்டும்தான் காட்டும். கிராங்க் பேரிங், கனெக்டிங் ராட் போல்ட், பின்பக்கக் கியர்கள் இதெல்லாம் இருபது வருடத்துக்கு மேலாக உள்ளே இருக்கின்றன. அதற்கு எந்தத் துளையும் கிடையாது. 12 வருடம் என்று எழுதியவன் அதையும் சேர்த்துத்தான் எழுதினான்.

இன்னொன்று. உன் எஞ்சினில் பொறிக்கான மின்சாரம் தருகிற இரண்டு மேக்னெட்டோவும் ஒரே பெட்டியில், ஒரே தண்டில் ஓடுகிறது. அந்தத் தண்டு போனால் இரண்டும் போச்சு. 500 மணிக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது பார்த்தார்கள்?

கல்மண்டபம் ராஜாளி

லாக்புக் படம் போனில் இருக்கிறது, பார்த்துவிட்டேன். எனக்கு முன் வைத்திருந்தவர் காலத்தில் செய்தது. அதற்குப் பிறகு 560 மணி.

கொளத்தூர் ஏஎம்இ (ஓய்வு)

அப்படியானால் எஞ்சினும் வேண்டாம், பேனலும் வேண்டாம், முதலில் அது. போய் இறங்கியதும் அடுத்த முறை பறப்பதற்கு முன்னால். மாதத்துக்கு எத்தனை மணி ஓட்டுகிறாய்?

கல்மண்டபம் ராஜாளி

வேலை இருந்தால் இரண்டு மாதம் கூடத் தொடுவதில்லை சார். ஆனால் பக்கத்து ஹேங்கர் நண்பர் வாரா வாரம் பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைப்பார்.

காசிமேடு போட்

தம்பி, அதை நிறுத்தச் சொல். பத்து நிமிடத்தில் ஆயில் சூடாகாது, உள்ளே சேர்ந்த தண்ணீர் ஆவியாகாது. எரிந்த புகையின் ஈரமும் சேர்ந்து அமிலமாகும். ஸ்டார்ட்டே பண்ணாமல் விடுவது அதைவிடத் தேவலை.

கொளத்தூர் ஏஎம்இ (ஓய்வு)

போட் தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு. முப்பது நாளுக்குள் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும், ஆயில் சூடு 165 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் நிற்க வேண்டும். முடியாது என்றால் வியாசை சொன்ன மாதிரி விற்றுவிடு.

வியாசை கணக்கு

நன்றி ஐயா. காலையிலிருந்து நான் மட்டும்தான் வில்லனாக இருந்தேன்.

பெரம்பூர் லோகோ

விற்பதாக இருந்தால் பேனல் போட்டு விற்றால் சீக்கிரம் போகும்.

வியாசை கணக்கு

அண்ணே, விடுங்க.

கல்மண்டபம் ராஜாளி

விற்கவில்லை. போனதும் மேக்னெட்டோ, பிறகு டேப்பட் எட்டும், மூன்றாம் நம்பருக்குக் கேமரா. படம் எடுத்து இங்கேயே போடுகிறேன், இரண்டு பேரும் பார்த்துவிட்டுச் சண்டையைத் தொடருங்கள்.

கொளத்தூர் ஏஎம்இ (ஓய்வு)

டேப்பட்டைக் கழற்றும்போது எது எந்தத் துளையில் இருந்தது என்று எழுதி வை. மாற்றிப் போட்டால் நல்ல கேமும் கெடும். படம் எப்படி வந்தாலும் என் பதில் ஓவர்ஹால்தான்.

காசிமேடு போட்

படத்தைப் பார்க்காமலே சொல்கிறாரே ஐயா!