வீட்டு மியூசிக் சர்வர், டிஏசி, ஆம்ப்ளிஃபயர்: இணைத்தபோது என்ன நடந்தது?

பதிவு 1

பழைய லேப்டாப் ஒன்றை மியூசிக் சர்வராக மாற்றி, அதிலிருந்து யுஎஸ்பி வழியாக டிஏசி (டிஜிட்டல் ஒலியை ஆம்புக்கு ஏற்ற அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி), டிஏசியிலிருந்து ஆர்சிஏ கேபிளில் ஆம்ப் என்று இணைத்திருந்தேன். பாட்டு ஓடும்போது ஒன்றும் தெரியாது. இரண்டு பாட்டுக்கு நடுவே வரும் அந்த ஓரிரு நொடி அமைதியில்தான் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் அடியில் கேட்கும். ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் அதைத்தான் காது தேடும்.

முதலில் டிஏசி மேல்தான் சந்தேகம். மாற்றிவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டேன். நல்லவேளை, அதற்கு முன் ஒரு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஆம்பின் வால்யூமை ஏற்றினால் இரைச்சலும் கூடியது. அப்படியென்றால் ஆம்புக்கு வெளியிலிருந்துதான் உள்ளே வருகிறது. எதுவும் செருகாத இன்னொரு இன்புட்டுக்கு மாற்றினேன், சுத்தமான அமைதி. திரும்ப டிஏசிக்கு வந்து, யுஎஸ்பி கேபிளை மட்டும் உருவினேன். இரைச்சல் நின்றது. கேபிளைச் செருகிவிட்டு லேப்டாப் சார்ஜரைக் கழற்றினேன். பேட்டரியில் ஓடும்போதும் இரைச்சல் இல்லை!

விஷயம் எர்த்தில் இருந்தது. சார்ஜரும் மூன்று பின், ஆம்பும் மூன்று பின். இரண்டும் தனித்தனியாக எர்த்துக்குப் போகின்றன. யுஎஸ்பி, ஆர்சிஏ கேபிள்களின் கிரவுண்ட் அந்த இரண்டையும் சேர்த்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவே துளி மின்னழுத்த வித்தியாசம் இருந்தாலே போதும், கேபிளின் கிரவுண்டில் மின்சாரம் ஓடும். 50 ஹெர்ட்ஸும் (சில நாடுகளில் 60) அதன் மடங்குகளும் ஸ்பீக்கரில் வந்துவிடும்.

இதற்காக எர்த் பின்னை உடைப்பது, இரண்டு பின் அடாப்டர் போடுவது என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பின் உயிரைக் காப்பதற்கு இருக்கிறது.

நான் லேப்டாப் பக்கம் யுஎஸ்பியை ஆப்டிகலாக மாற்றும் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, அங்கிருந்து டிஏசிக்கு ஆப்டிகல் கேபிள் போட்டேன். கேபிளின் நுனியை உள்ளங்கைக்கு நேரே பிடித்தால் சின்னச் சிவப்புப் புள்ளி தெரியும். அந்த வெளிச்சம்தான் பாட்டு. கம்பித் தொடர்பே இல்லாததால் வளையம் அறுந்தது, இரைச்சலும் போனது. ஆப்டிகலில் பொதுவாக மாதிரி வேகம் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளந்து பதிவாகிறது என்பது) 96 கிலோஹெர்ட்ஸ் வரைதான் நம்பிப் போகலாம். என்னிடம் இருப்பதில் பெரும்பகுதி சிடியிலிருந்து எடுத்த 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய) ஃபைல்கள், அதனால் எனக்கு இழப்பு எதுவும் இல்லை.

பதிவு 2

எனக்கு இரைச்சல் இல்லை, வேறு விஷயம். என் டிஏசியின் முகப்பில் எந்த மாதிரி வேகத்தில் (கிலோஹெர்ட்ஸில்) ஒலி வருகிறது என்று காட்டும் சின்னத் திரை உண்டு. சிடி ஃபைலைப் போட்டாலும் 48, 96 ஃபைலைப் போட்டாலும் 48. சில வாரங்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

சர்வர் லினக்ஸில் ஓடுகிறது, பாட்டை ஓட்டும் மென்பொருள் எம்பிடி. அவுட்புட்டை டிஃபால்ட்டிலேயே விட்டிருந்தேன். அதனால் நடுவில் ஆல்சாவின் (லினக்ஸின் ஒலி அமைப்பு) மிக்ஸர் புகுந்து எல்லாவற்றையும் 48க்கு மாற்றிக்கொண்டிருந்தது. அவுட்புட்டில் டிஏசியையே நேரடியாகக் குறிப்பிட்டதும் சரியானது. இப்போது 44.1இலிருந்து 96க்குப் போகும்போது டிஏசிக்குள் ரிலே 'டிக்' என்று ஒருமுறை தட்டும், திரையில் எண் மாறும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு நிம்மதி.

காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டுக்கு நடுவே சிஸ்டத்தின் பீப் சத்தங்கள் கலப்பது அன்றோடு நின்றது. எனக்கு அதுவே பெரிய விஷயம்.

அப்புறம் ஒன்று. டிஏசியை கார்டு எண்ணால் (ஒவ்வொரு ஒலிக் கருவிக்கும் லினக்ஸ் தரும் எண்) குறிப்பிடாதீர்கள், பெயரால் குறிப்பிடுங்கள். ஒருநாள் ரீஸ்டார்ட் ஆனபோது அந்த எண்ணை லேப்டாப், டிவி பக்கம் போகும் எச்டிஎம்ஐ ஒலி எடுத்துக்கொண்டது. பாட்டு ஓடுவதாகத் திரை காட்டுகிறது, ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு மாலை முழுக்கக் கேபிள்களைக் கழற்றி மாட்டினேன்.

பதிவு 3

நான் சொல்வது கொஞ்சம் வலியான அனுபவம். ப்ரீஆம்ப் (ஒலியளவைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வேண்டாம் என்று டிஏசியை நேரே பவர் ஆம்பில் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்) செருகியிருந்தேன். டிஏசியில் வால்யூம் குமிழ் கிடையாது, ஆர்சிஏ அவுட்புட் எப்போதும் 2 வோல்ட். ஒலியைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் சர்வர் மென்பொருளில்தான். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு அந்த வால்யூம் தானாக 100க்குப் போயிருந்தது. பிளே அழுத்தியதும் வீடே அதிர்ந்தது. பாய்ந்து போய் ஆம்பை அணைப்பதற்குள் ஒரு ட்வீட்டர் (ஸ்பீக்கரில் உச்ச ஸ்வரங்களைத் தரும் சின்னப் பகுதி) போய்விட்டது. நல்ல ஸ்பீக்கர், பல வருடம் கேட்டது.

இப்போது சர்வரில் வால்யூமை 100இல் பூட்டிவிட்டேன், நடுவில் குமிழ் உள்ள ப்ரீஆம்ப் இருக்கிறது. கைக்கு எட்டுகிற குமிழ் ஒன்று கட்டாயம் வேண்டும் என்பது என் தீர்மானம். டிஎஸ்டி (ஒரு வகை உயர்தர ஒலி வடிவம்) ஃபைல்களை டிஓபி முறையில் (சாதாரண பிசிஎம் ஒலி போல் பொதிந்து) அனுப்புபவர்களுக்கும் மென்பொருள் வால்யூமை 100இல் பூட்டுவதுதான் சரி. நடுவில் மென்பொருள் வால்யூமைத் தொட்டால் டிஏசிக்கு அது டிஎஸ்டி என்றே தெரியாமல் போய், வெறும் இரைச்சல்தான் வரும். ஆன் செய்யும்போது ஆம்பைக் கடைசியிலும், ஆஃப் செய்யும்போது முதலிலும் தொடுங்கள்.

பதிவு 4

முதல் பதிவு போட்ட அண்ணாவுக்கு ஒரு கேள்வி. எனக்கும் அதே 'ம்ம்ம்' இருக்கிறது. டிஏசியில் ஆப்டிகல் இன்புட் உண்டு, ஆனால் ஆம்பில் கிடையாது. அப்படியும் பயன்படுமா?

பதிவு 5 (முதல் பதிவர்)

தாராளமாகப் பயன்படும் தம்பி. ஆப்டிகல் வேண்டியது சர்வருக்கும் டிஏசிக்கும் நடுவில் மட்டும்தான். டிஏசியிலிருந்து ஆம்புக்கு அதே ஆர்சிஏ இருக்கட்டும். ஆனால் எதையும் வாங்குவதற்கு முன், ஆம்ப் ஓடும்போதே யுஎஸ்பி கேபிளை மட்டும் உருவிப் பாருங்கள், வால்யூமைக் குறைத்துவிட்டு உருவுங்கள், பிறகு மெல்ல ஏற்றிக் கேளுங்கள். உருவியும் இரைச்சல் நிற்கவில்லை என்றால் காரணம் வேறு, ஆப்டிகல் போட்டும் தீராது. பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.