பார்வை இரட்டிப்பு, பவுன்ஸ் ரேட் 3%. ஆர்டர் மட்டும் ஏறவில்லை, உதவுங்கள்

விதைப்பெட்டி:
வணக்கம். கொஞ்சம் அவசரம். மாடித்தோட்டம் பற்றி எழுதி, நாட்டு விதையும் விற்கும் தளம் என்னுடையது. செவ்வாய்க்கிழமையிலிருந்து பார்வை அப்படியே இரண்டு மடங்கு. பவுன்ஸ் ரேட், அதாவது வந்தவுடன் போய்விடுகிறவர்கள் விகிதம், 61% இருந்தது, இப்போது 3%. ஆனால் ஆர்டர் பழையபடிதான். வருகிறவர்கள் ஏன் வாங்காமல் போகிறார்கள்? நாளைக் காலை விளம்பரத்துக்குப் பணம் கட்ட வேண்டும், அதற்குள் தெரிய வேண்டும்.

செந்தூரம்:
எந்தக் கருவியில் பார்க்கிறீர்கள்? கூகுள் அனலிட்டிக்ஸா, மட்டோமோவா, ஹோஸ்டிங் கணக்கா? வேர்ட்பிரஸா? செவ்வாயன்று தளத்தில் யாராவது கை வைத்தார்களா?

கரிசல்:
சந்தேகமே வேண்டாம், பாட்தான், மனிதர் இல்லாமல் தானாகத் தளங்களைத் திறக்கும் நிரல். ஊர்வாரியாகப் பாருங்கள். ஆஷ்பர்ன் என்று இருந்தால் அது மனிதர் இல்லை. வர்ஜீனியாவில் டேட்டா சென்டர்கள் குவிந்த ஊர் அது. என் சமையல் தளத்துக்கும் அங்கிருந்து கூட்டமாக வந்தது, எல்லாம் 0 வினாடி.

விதைப்பெட்டி:
கூகுள், வேர்ட்பிரஸ். நான் எதையும் மாற்றவில்லை. ஊர் சென்னை, கோவை, மதுரை, கொஞ்சம் சிங்கப்பூர்.

மூத்தவன்:
பவுன்ஸ் ரேட் என்றால் என்னவென்று தெரியாமலேயே அதை வைத்துப் பதறுகிறீர்கள். முதலில் அதைப் படியுங்கள். 2023 ஜூலை 1 அன்று கூகுளின் பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் கணக்கெடுப்பை நிறுத்திவிட்டது. அதில் ஒரே பக்கத்தோடு போனால் பவுன்ஸ். இப்போதைய கூகுள் அனலிட்டிக்ஸான ஜிஏ4இல் 10 வினாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, முக்கிய நிகழ்வு என்று நீங்கள் குறித்துவைத்த செயல் ஒன்று நடந்தாலோ ஈடுபாடுள்ள வருகை. மிச்சம்தான் பவுன்ஸ். இதையெல்லாம் எத்தனை தடவை எழுதுவது?

கரிசல்:
3% என்றால் பாட் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பாட் என்றால் பவுன்ஸ் ஏறியிருக்கும். அப்படியானால் ஏதோ வாட்ஸ்அப் குழுவில் உங்கள் லிங்க் சுற்றுகிறது. டைரக்ட், அதாவது எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாத வருகை, கூடியிருக்கிறதா?

செந்தூரம்:
மூத்தவன் சொன்னதிலேயே விடை இருக்கிறது: "இரண்டு பக்கம்". ஒருவர் வெண்டை விதைப் பக்கத்தை ஒரே தடவை திறக்கிறார். டேக், அதாவது வருகையை எண்ணுகிற நிரல் துண்டு, பக்கத்தில் இரண்டு இருந்தால் பேஜ் வியூ இரண்டு போகும். 4 வினாடியில் மூடிவிட்டாலும் அது ஈடுபாடாகிவிடும். எனவே பயனர் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். அது கூடாமல் பார்வை மட்டும் இரட்டித்திருந்தால் இதுதான். கூகுள் தேடலிலிருந்து வரும் கிளிக்கைக் காட்டும் சர்ச் கன்சோலில் கிளிக் கூடியதா என்றும் பாருங்கள், அந்தக் கணக்கு உங்கள் டேக்கை நம்பி இல்லை.
குரோமில் டெவலப்பர் டூல்ஸ் திறந்து, நெட்வொர்க் பகுதியில் கலெக்ட் என்று ஆங்கிலத்தில் தேடி, பக்கத்தை ஒரு தடவை ரீலோட் செய்யுங்கள். பேஜ் வியூ எத்தனை போகிறது என்று எண்ணிவிடலாம்.

நிலாமுற்றம்:
இதற்குத்தான் மட்டோமோ சொல்கிறேன். சொந்த சர்வரில் ஓடும், வாசகர் தகவல் வெளியே போகாது.

மூத்தவன்:
மட்டோமோவிலும் டேக்கை இரண்டு தடவை போட்டால் இரண்டாகத்தான் எண்ணும்.

நிலாமுற்றம்:
நான் சொல்வது எண்ணிக்கையை அல்ல. விதை வாங்க வருகிற ஒருவரின் நடமாட்டத்தை வெளி நிறுவனத்துக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

கரிசல்:
சர்வர் யார் பார்த்துக்கொள்வது? தனியாகத் தளம் நடத்துகிறவருக்கு அது பெரிய வேலை.

நிலாமுற்றம்:
மாதத்தில் ஒரு அப்டேட். அதைச் செய்ய முடியாதா?

விதைப்பெட்டி:
பயனர் அதே அளவு, பார்வை மட்டும் இரட்டிப்பு. ரீலோட் செய்தால் இரண்டு போனது. டிசைன் செய்கிற தம்பி செவ்வாயன்று டேக் மேனேஜர் வழியாக டேக் போட்டிருக்கிறார், அதே டேக்கைப் போடும் பழைய பிளக்இன்னும் அப்படியே இருந்தது. பிளக்இன்னை எடுத்துவிட்டேன், இப்போது ஒன்றுதான் போகிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டவில்லை. நன்றி செந்தூரம்.

செந்தூரம்:
நல்லது. இடைப்பட்ட நாட்களின் எண்ணிக்கையை இனித் திருத்த முடியாது, தேதியைக் குறித்து வையுங்கள். அப்புறம், உங்களுக்கு ஆர்டர் எப்படி வருகிறது? வாட்ஸ்அப் பட்டன் வழியாக என்றால் அந்தக் கிளிக்கை முக்கிய நிகழ்வாக வைத்திருக்கிறீர்களா? எந்தப் பக்கத்திலிருந்து வாங்குகிறார்கள் என்பது அதில்தான் தெரியும்.

கரிசல்:
@விதைப்பெட்டி டைரக்ட் எவ்வளவு என்று சொல்லவே இல்லையே?